சினிமாவை வைத்து வந்த பழைய கேம்கள் எல்லாமே குப்பையா?

மே 26

பர்மாவில் மோல்மீன் ஊரிலிருந்து ஒரு நண்பர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: “படத்தின் பெயரில் வந்த கேம் எல்லாம் ஏமாற்று வேலை. போஸ்டரைக் காட்டிக் காசு பிடுங்குவது. எட்டு பிட் காலத்து ஆக்‌ஷன் படக் கேம்களில் உருப்படியானது ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.”

ஒன்று போதும் என்றால், எட்டு பிட் என்கிற அந்தப் பழைய வீட்டு கேம் மெஷினுக்கு வந்த டை ஹார்ட். பேக்-இன்-வீடியோ என்கிற ஜப்பான் கம்பெனி செய்தது. அமெரிக்காவில் ஆக்டிவிஷன் 1992 தொடக்கத்தில் விற்றது. மேலிருந்து பார்க்கிற கோணம், பொம்மைகள் குள்ளக் குள்ளமாக இருக்கும், பார்த்தவுடன் பிடிக்காது. ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. படத்தில் புரூஸ் வில்லிஸ் வெறுங்காலோடு ஒரு உயரமான கட்டடம் முழுக்க ஓடுவார், கண்ணாடி குத்திக் கால் கிழியும். கேமில் உயிருக்கு ஒரு அளவு, காலுக்குத் தனியாக இன்னொரு அளவு. துப்பாக்கிச் சண்டையில் கண்ணாடி உடையும். அந்தச் சில்லுகள் மேல் நடந்தால் கால் அளவு இறங்கும். இறங்க இறங்க ஆள் நொண்டுவார், ஓட முடியாது.

இதனால் என்ன ஆகிறது என்றால், சுடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கண்ணாடியை உடைத்தால் எந்த வழியாகத் திரும்பி வருவது? சுவருக்குப் பின்னால் நிற்கிறவன் கண்ணுக்கே தெரியமாட்டான். கதாநாயகன் மெக்ளேனின் கண்ணுக்கு எது தெரியுமோ அதுதான் நமக்கும் தெரியும். அதற்கு நடுவில் வில்லன்கள் கொள்ளையடிக்க வந்த பெட்டகத்தின் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகும்.

கதையை எடுக்கவில்லை, வசனத்தை எடுக்கவில்லை. படத்து ஆள் பட்ட ஒரு கஷ்டத்தை எடுத்து அதையே ஆட்டத்தின் விதியாக்கிவிட்டார்கள். உருப்படியான கேமுக்கு என் கணக்கு இதுதான்.

மே 27

“1992-ல் ரங்கூனில் இது கிடைத்ததா? சும்மா கதை விடாதீர்கள்” என்று ஒரு தம்பி.

கிடைக்கவில்லை தம்பி, கிடைத்தது என்று நான் சொல்லவும் இல்லை. டை ஹார்டை நான் ஆடியது ரொம்பப் பின்னால், கம்ப்யூட்டரையே பழைய கேம் மெஷின் மாதிரி நடக்கவைக்கிற எமுலேட்டர் போட்டு. அப்போது இங்கே இருந்ததெல்லாம் சீனத்து நகல் கேம் மெஷினும், மேலே பெரிய எண் அச்சடித்த மஞ்சள் கேசட்டும்தான். ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருப்பான். உள்ளே போனால் ஒரு முப்பது நாற்பதுதான் திரும்பத் திரும்ப வரும். ஒரே கேம் வேறு கட்டத்தில் தொடங்கும், அதற்கு வேறு பெயர்.

மே 29

அந்த மஞ்சள் கேசட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். “எங்கள் கேசட்டில் சினிமா கேம் எதுவும் இல்லை, மாரியோ, குங்ஃபூ, டாங்க் அவ்வளவுதான்” என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார்.

அண்ணே, அந்த குங்ஃபூ சினிமா கேம்தான்.

ஐரெம் கம்பெனி 1984-ல் கடைமெஷினுக்கு, அதாவது காசு போட்டு ஆடுகிற மெஷினுக்குச் செய்தது. நீங்கள் ஆடியது அதன் வீட்டு மெஷின் வடிவம். ஜப்பானில் அதற்கு ஸ்பார்டன் எக்ஸ் என்று பெயர். அதே ஆண்டு வந்த ஜாக்கி சான் படத்துக்கும் ஜப்பானில் அதே பெயர்தான். சாமோ ஹங் இயக்கியது, இங்கிலீஷில் வீல்ஸ் ஆன் மீல்ஸ். படத்தில் ஜாக்கியின் பெயர் தாமஸ், கதாநாயகி சில்வியா. கேமில் வெள்ளை உடுப்பு போட்டு நடந்துபோகிறவன் தாமஸ், நாற்காலியில் கட்டிவைத்திருக்கிற பெண் சில்வியா. மேற்கு நாடுகளுக்குப் போனபோது படத்தின் பெயரைக் கழற்றிவிட்டார்கள், இந்த இரண்டு பெயரும் மட்டும் தங்கிவிட்டன.

அதைத் தவிரப் படத்துக்கும் கேமுக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. படம் பார்சலோனாவில் நடக்கிறது, வேனில் சாப்பாடு விற்கிற இரண்டு பையன்கள். கேமில் ஐந்து மாடி, மாடிக்கு ஒரு பெரிய ஆள். இது புரூஸ் லீயின் கேம் ஆஃப் டெத் படத்திலிருந்து வந்த யோசனை. செய்தவர் தகாஷி நிஷியாமா. அவர்தான் பிறகு கேப்காமுக்குப் போய் 1987-ல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் செய்தார். மாடிக்கு ஒரு வில்லன் என்று இருந்ததை வில்லன்களோடு மட்டுமே மோதுகிற ஆட்டமாக மாற்றிப் பாருங்கள், ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்துவிடும்.

சரி, எல்லாக் கேசட்டிலும் இது ஏன் இருந்தது? சின்ன கேம். மொத்தமே 40 கிலோபைட், கேசட்டுக்குள் கூடுதல் சில்லு எதுவும் வேண்டாம். அதனால் நகல் எடுக்கிறவனுக்கு இது இலவச இணைப்பு மாதிரி. டை ஹார்ட், பேட்மேன் எல்லாம் இதைப் போலப் பல மடங்கு பெரிது, தனிச் சில்லும் வேண்டும். ரங்கூனில் ஒரு தலைமுறை எந்தப் படக் கேமை ஆடியது என்பதை ரசனை தீர்மானிக்கவில்லை, மெமரி சில்லின் விலை தீர்மானித்தது.

மே 29, கொஞ்ச நேரம் கழித்து

குங்ஃபூவில் விதி என்ன என்று கேட்பீர்கள். கட்டிப்பிடிக்கிறவர்கள். மற்ற கேமில் எதிரி தொட்டால் சாவு. இங்கே வந்து அணைத்துக்கொள்வான், உயிர் மெதுவாக வடியும், இடமும் வலமும் மாற்றி மாற்றித் தட்டி உதற வேண்டும். இரண்டு மூன்று பேர் ஒட்டிக்கொண்ட நேரம் பார்த்துத் தூரத்திலிருந்து கத்தி எறிகிறவன் வருவான். கூட்டத்துக்கு நடுவில் ஒற்றை ஆளாகச் சண்டை போடுகிற படங்களில் இருக்கிற அந்தத் திணறல் இதில் அப்படியே வந்திருக்கிறது.

ரங்கூன் தாம்வேயில் எங்கள் சந்து கேம் கடையில் பையன்கள் ஜாய்ஸ்டிக்கைத் தட்டாமல் தோளையே ஆட்டுவார்கள்.

மே 30

ஒரு சந்தேகத்துக்குப் பதில்: “பிரிடேட்டர் கேமில் அர்னால்ட் ரோஸ் கலர் உடுப்பில் வருகிறாராமே, நிஜமா?”

நிஜம். காட்டுக்குள் ரோஸ் கலர். எனக்கு அது பல வருஷம் தெரியாது, ஏனென்றால் நாங்கள் அதைக் கறுப்பு வெள்ளையில் பார்த்தோம்.

எங்கள் வீட்டில் இருந்தது ஜப்பானிலிருந்து வந்த பழைய டிவி. அப்போது பர்மாவில் டிவி ஒளிபரப்பு என்.டி.எஸ்.சி. என்கிற முறை. சீன மெஷின் பி.ஏ.எல். (PAL) என்கிற வேறு முறையில் படம் அனுப்பும். இரண்டையும் கோத்தால் முதலில் படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும். டிவியின் முதுகில் ஒரு சின்னக் குமிழ் உண்டு, அதைத் திருகினால் நிற்கும். நின்றால் கலர் இருக்காது. ஆன்டெனா ஒயர் வழியாகக் கொடுத்தால் சத்தமும் வராது, ஏனென்றால் சத்தத்தின் அலைவரிசை இரண்டு முறையிலும் வேறு வேறு. மஞ்சள் வெள்ளை ஏ.வி. ஒயரில் கொடுத்தால் சத்தம் வரும். பக்கத்து வீட்டில் எல்லா முறையும் வாங்குகிற புது டிவி இருந்தது. மாமி நல்ல மனசோடு இருக்கிற நாளில் கலரில் ஆடுவோம்.

கறுப்பு வெள்ளையில் பிரிடேட்டர் கொஞ்சம் நல்ல கேம் என்பது என் தாழ்மையான கருத்து. கலரோடு பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

ஜூன் 2

கான்ட்ராவைச் சொல்லவில்லை என்று நாலைந்து பேர் கோபம். கான்ட்ரா எந்தப் படத்தின் கேமும் இல்லை ஐயா. கொனாமி 1987-ல் கடைமெஷினுக்குச் செய்தது, அடுத்த ஆண்டு வீட்டு மெஷினுக்கு வந்தது. அட்டைப்படத்தில் அர்னால்டும் ஸ்டாலோனும் போல இரண்டு பேர் நிற்பார்கள். பிரிடேட்டர் படத்தின் ஸ்டில்களைப் பார்த்து வரைந்த அட்டை அது. கடைசிக் கட்டங்களில் வருகிற ஜந்துக்கள் ஏலியன் படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கும்.

அதாவது உரிமம் வாங்கவில்லை. நாலைந்து படத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு கேம் செய்தார்கள், அது உரிமம் வாங்கிய எல்லாவற்றையும் விட அதிகமாகப் படம் மாதிரி இருக்கிறது. இரண்டு பேர் தோளோடு தோள் ஓடலாம், அதுவும் ஒரு காரணம்.

கான்ட்ராவின் ரகசியப் பொத்தான் வரிசை: மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. முப்பது உயிர். எழுதாமல் விட்டால் அதற்கும் நாலு பேர் வருவார்கள்.

ஜூன் 3

கமாண்டோவும் படக் கேம் இல்லை. கேப்காமின் கமாண்டோவும் அர்னால்டின் கமாண்டோவும் ஒரே 1985. பெயர்ப் பொருத்தம், அவ்வளவுதான்.

ஜூன் 7

மலேசியாவிலிருந்து எழுதுகிற அண்ணன் ஒரே வரியில் என் கணக்கை உடைத்துவிட்டார்: “அப்படியென்றால் பேட்மேன்?”

இதைப் பற்றி இரண்டு மூன்று நாள் யோசித்தேன். சன்சாஃப்ட் செய்த பேட்மேன், 1989 படத்தை வைத்து வந்தது. ஜப்பானில் அந்த ஆண்டு கடைசியில், அமெரிக்காவில் 1990 தொடக்கத்தில். பேட்மேன் ஊதா நிறம். படத்தில் தலைகாட்டாத வில்லன்கள் கேமில் வரிசையாக வருகிறார்கள், ஃபயர்பக், கில்லர் மாத் என்று காமிக்ஸிலிருந்து பொறுக்கியவர்கள். ஆட்டத்தின் முக்கிய வித்தை சுவரில் உதைத்து எதிர்ச்சுவருக்குத் தாவுவது. படத்தில் மைக்கேல் கீட்டன் அந்த ரப்பர் உடுப்பில் கழுத்தைத் திருப்பவே கஷ்டப்பட்டார், சுவரில் எங்கே தாவுவது? படத்தின் எந்தக் கஷ்டமும் விதியாக இதில் இல்லை. ஆனாலும் எட்டு பிட் படக் கேம்களில் கையில் பிடித்து ஆட இதைவிடச் சுகமானது கிடையாது. நவோகி கொடாகாவின் இசையைக் கேட்பதற்காகவே முதல் கட்டத்தில் சும்மா நின்றிருக்கிறேன்.

ஆகவே என் கணக்கைக் கொஞ்சம் அகலப்படுத்துகிறேன். படத்திலிருந்து ஒரு விதியை எடுக்கலாம். அல்லது படத்தை மறந்துவிட்டு நல்ல கேம் ஒன்றைச் செய்து கடைசியில் மணிக்கூண்டில் ஜோக்கரை நிறுத்தலாம். மோசமான கேம்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டுகின்றன. படத்தின் காட்சிகளை வரிசையாகப் போடுவான், ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு மட்டமான ஆட்டம்.

ஜூன் 8

“கணக்கை அகலப்படுத்தினால் அது கணக்கா, கோணியா?” என்று அதே அண்ணன். கோணியே இருக்கட்டும் அண்ணே, இரண்டு நல்ல கேமும் உள்ளே அடங்குகிறதே.

ஜூன் 11

கரண்ட் இல்லாததால் மூன்று நாளாக எழுத முடியவில்லை. இன்று அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்தக் காலத்து கேம்களில் பாதிக்கு மேல் சேமிக்கிற வசதி கிடையாது. கான்ட்ராவை நன்றாக ஆடத் தெரிந்தவன் அரை மணியில் முடிப்பான். தெரியாதவனுக்கு அந்த அரை மணியை எட்டவே ஒரு மழைக்காலம் போகும். நீர்வீழ்ச்சிக் கட்டத்தைத் தாண்டி, பனிக்கட்டத்துக்கு வந்து, அப்போது கரண்ட் போனால்? மறுபடி முதல் காடு.

சந்துக் கடைக்காரர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் கணக்கு வைத்திருப்பார். யார், எந்த மெஷின், எத்தனை மணிக்கு உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு மேசைக் கடிகாரம், அதுவும் பேட்டரியில் ஓடுவது. கரண்ட் போன நிமிஷத்தில் எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரு குறுக்குக்கோடு போட்டுவிட்டு, மெழுகுவத்தி ஏற்றி, மிச்ச நேரத்தை எழுதுவார். அதில் வாக்குவாதம் நடக்கும். இருட்டில் பையன்கள் எழுந்து போகமாட்டார்கள், எழுந்தால் மெஷினை இன்னொருவன் பிடிப்பான். தெருவே “மீ லா பியி”, கரண்ட் வந்தாச்சு என்று பர்மியத்தில் கத்துகிற வரைக்கும் இருளில் ஜாய்ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கரண்ட் வந்தாலும் உடனே போடவிடமாட்டார். வருகிற வேகத்தில் மின்னழுத்தம் எகிறும், ஸ்டெபிலைசர் ஊசி நிலைக்கு வந்த பிறகுதான் ஸ்விட்சைத் தொடலாம்.

ராம்போவில் விட்ட இடத்திலிருந்து தொடரக் கடவுச்சொல் உண்டு. நீளம் என்றால் அப்படி ஒரு நீளம். கடைக்காரரின் நோட்டிலேயே பின்பக்கத்தில் எழுதி வைப்போம். கறுப்பு வெள்ளையில், மங்கலான திரையில், எட்டா பி-யா என்று தெரியாமல் எழுதியது மறுநாள் வேலை செய்யாது.

இன்று எமுலேட்டரில் எந்த நொடியிலும் சேமிக்கலாம். ஆடுகிறேன், சேமிக்கிறேன், செத்தால் திரும்ப எடுக்கிறேன். கான்ட்ராவை அப்படி முடித்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை. அதற்காக மின்வெட்டு நல்லது என்று சொல்ல வரவில்லை, இங்கே இருப்பவன் எவனும் அதைச் சொல்லமாட்டான். சேமிக்கும் பொத்தானை வைத்துக்கொண்டே தொடாமல் ஆடுகிற கட்டுப்பாடு எனக்கு வரவில்லை என்பதுதான் விஷயம்.

ஜூன் 15

ராம்போ பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு பிட் ராம்போ இரண்டாவது படத்தை வைத்து 1987-ல் ஜப்பானில் வந்தது. காட்டுக்குள் போனால் வீரர்களைவிடப் பாம்பும் பறவையும்தான் அதிகம். ஃபிளமிங்கோவைக் கத்தியால் குத்துகிற ராம்போவை வேறு எங்கும் பார்க்க முடியாது. முடிவில் தன்னைக் கைவிட்ட அதிகாரி மேல் ராம்போ ஒரு பெரிய ஜப்பானிய எழுத்தைத் தூக்கி எறிவார், அந்த ஆள் தவளையாகிவிடுவார். நான் அடித்து விடவில்லை, ஆடிப் பாருங்கள்.

2008-ல் வந்த ராம்போ படம் நம் பர்மாவில் நடக்கிற கதை. எடுத்தது தாய்லாந்தில். இங்கே தடை, ஆனாலும் டிஸ்க் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. அதே ஆண்டு சேகா கம்பெனி கடைகளுக்கு ஒரு ராம்போ துப்பாக்கி மெஷின் விட்டது, அது இரண்டாவது மூன்றாவது படங்களை வைத்து. 2014-ல் போலந்துக்காரர்கள் செய்த ராம்போ கேம் முதல் மூன்று படங்களோடு நின்றுவிட்டது. வியட்நாம் வந்துவிட்டது, ஆப்கானிஸ்தான் வந்துவிட்டது. பர்மாவின் சல்வீன் ஆற்றங்கரை மட்டும் இரண்டிலும் இல்லை. நல்லதுதான் என்று வையுங்கள்.

ஜூன் 16

“நம்ம படம் எதுக்காவது உங்கள் கணக்குப்படி கேம் செய்ய முடியுமா?” என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் நல்ல கேள்வி.

பாட்ஷா. 1995. வீடியோ கேசட் வந்த வாரம் ரங்கூன் மொகல் தெருவில் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. அந்தப் படத்தில் பாதி வரைக்கும் நாயகன் திருப்பி அடிப்பதில்லை. கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள், வாங்கிக்கொண்டு நிற்கிறார். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கை துடிக்கிறது. அதுதான் விதி.

கேமில் முதல் பாதி முழுக்க அடிக்கிற பொத்தான் வேலை செய்யும், ஆனால் அழுத்தினால் தோற்றுவிடுவீர்கள். கும்பிடுகிற பொத்தான் ஒன்று இருக்கும். ஆட்டோ ஓட்ட வேண்டும், தம்பி தங்கைகளைக் கரை சேர்க்க வேண்டும், வழியில் எல்லாரும் சீண்டுவார்கள். தங்கை மேல் ஒருவன் கை வைக்கிற இடம் வரும். அந்த இடத்தில் பொத்தானை அழுத்தலாம் என்று திரையில் எந்த அறிவிப்பும் வரக்கூடாது. ஆடுகிறவனே கண்டுபிடித்து அழுத்த வேண்டும்.

யாராவது செய்யுங்கள். 40 கிலோபைட்டில் அடங்கும்.

ஜூன் 17

சில பேர் இடைவேளைக்குப் பிறகு என்ன கேம் என்று கேட்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு வழக்கமான கேம்தான். படமும் அப்படித்தானே.

ஜூன் 22

ஜேம்ஸ் பாண்ட் படத்தை வைத்து வந்த கோல்டன்ஐ கேம் பற்றி நீண்ட கடிதம் எழுதிய மாந்தலே நண்பருக்கு. அது எட்டு பிட் இல்லை என்பதால்தான் தொடவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது சரி, இந்தப் பேச்சு அதில் போய்த்தான் முடியும்.

படம் 1995 நவம்பர், கேம் 1997 ஆகஸ்ட். படத்தின் சூடு ஆறி, அடுத்த பாண்ட் படமே வரப்போகிற நேரம். பொதுவாகப் படக் கேம்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பட ரிலீஸ் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரத்தில் அள்ளிப்போடுவார்கள். ரேர் கம்பெனியில் அந்த அவசரம் பிடிக்கவில்லை. குழுவில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் கேம். தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி சுட்டுக்கொண்டே போகிற ஆட்டமாகத்தான் முதலில் யோசித்தார்கள். நாலு பேர் திரையைப் பங்கு போட்டுச் சுட்டுக்கொள்கிற பகுதி கடைசிக் காலத்தில் சேர்த்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 80 லட்சம் விற்றது, பாதிப் பேர் அந்தக் கடைசிச் சேர்ப்புக்காகத்தான் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான் ஆடியது பினாங்கில் வேலைக்குப் போயிருந்தபோது, அறைத்தோழர்களோடு. அடுத்தவன் திரையை எட்டிப் பார்க்கக்கூடாது என்று அட்டைப்பெட்டி கிழித்து டிவியின் நடுவில் ஒட்டினோம். அப்புறம் அட்டை விழுந்துவிட்டது என்று சண்டை. டிவி அந்த அறையை விட்டு வெளியேற்றப்பட்டது.

ஜூலை 1

போன மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வி: டாம் குரூஸ் படத்தை வைத்து வந்த டாப் கன்னில் கப்பல் மேல் விமானத்தை எப்படி இறக்குவது? கொனாமி 1987-ல் செய்தது, இத்தனை வருஷம் ஆகியும் தீராத துக்கம் போலிருக்கிறது.

உயரம் 200, வேகம் 288. இந்த இரண்டு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகப் போக வேண்டும். திரை சொல்வதை நம்பலாம்: மேலே என்றால் மேலே, இடது என்றால் இடது. ஆனால் லேசாகத் தட்டுங்கள். எல்லாரும் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார்கள், அதனால் இந்தப் பக்கம் தப்பினது அந்தப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது. முதலில் வேகத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு உயரம், கடைசியில் இடம் வலம்.

இறங்கியவர்கள் எழுதுங்கள். நடுவானில் எரிபொருள் நிரப்புவது எப்படி என்று அப்புறம் கேட்பீர்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.